ஒர்த்தோனாவில் நம் அப்போஸ்தலர்



இத்தாலிக்குத் திருயாத்திரை போகிறவர்கள் பெரும்பாலும் உரோமாபுரியோடு திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் மேலும் ஒரு நாள் ஒதுக்கி, மலைத்தொடரைக் கடந்து, கீழ்க்கரையில் ஒர்த்தோனா என்னும் ஊருக்குப் போய்வந்தோம். அத்ரியாத்திக் கடலைப் பார்த்தபடி மேட்டின்மேல் இருக்கும் சிறிய ஊர். அங்குள்ள பேராலயத்தில்தான் புனித தோமையாரின் எலும்புகள் இருக்கின்றன.

மயிலையில் அடக்கமானவர் அங்கே போனது எப்படி? எலும்புகள் முதலில் எதேசா நகருக்கும், பிற்பாடு கியோஸ் தீவுக்கும் கொண்டுபோகப்பட்டன என்பது மரபு. 1258-ல் லியோனே என்ற ஒர்த்தோனாக் கப்பல் தலைவர் மூன்று கப்பல்களோடு அத்தீவுக்குப் போய், எலும்புகளையும் கல்லறைமேல் இருந்த கல்லையும் எடுத்துக்கொண்டு, செப்டம்பர் 6-ம் நாள் ஊர் வந்து சேர்ந்தார். கேட்டு வாங்கியதல்ல, எடுத்து வந்ததுதான்!

“நம்ம அப்போஸ்தலரை இவங்க ஏன் வச்சிருக்கணும்?” என்று எங்களோடு வந்த பாட்டியம்மாள் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அவரைக் காத்துவந்த அந்த ஊர் பட்ட பாட்டையும் கேளுங்கள்.

1566-ல் துருக்கியர் கப்பற்படை வந்து கோவிலைக் கொளுத்தியது. எலும்புகள் தப்பின. அதைவிடக் கொடியது 1943 டிசம்பர். ஜெர்மானியருக்கும் கனடாப் படைக்கும் 20-ந் தேதி முதல் 28 வரை வீட்டுக்கு வீடு சண்டை. தெருவில் இறங்கினால் குண்டு பாயும் என்பதால், கனடா வீரர்கள் சுவரை உடைத்து உடைத்தே அடுத்த வீட்டுக்குள் புகுந்தார்களாம். ஜெர்மானியர் பேராலயக் கோபுரத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். குவிமாடத்தில் பாதி சரிந்தது. ஊர்மக்களில் மட்டும் 1,300 பேருக்கு மேல் மாண்டார்கள்.

அந்தச் சண்டைக்கு நடுவே கிறிஸ்துமஸ் வந்தது. கொன்ஸ்தாந்தினோப்பிள் மாதா கோவிலுக்குள் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து விருந்து வைத்தார்கள். வீரர்கள் முறைவைத்து வந்து சாப்பிட்டு, நாலு தெரு தள்ளி நடந்த சண்டைக்குத் திரும்பிப் போனார்கள். சிலருக்கு அதுவே கடைசிச் சாப்பாடு. ஊருக்கு வெளியே அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தையும் பார்த்தோம். 1,600-க்கு மேற்பட்ட கல்லறைகள், பெரும்பாலும் கனடா நாட்டுப் பிள்ளைகளுடையவை. பெயர்களுக்குக் கீழே வயதை வாசித்துக்கொண்டே போனவர்கள் பாதியில் நிறுத்திவிட்டோம்.

இடிந்த பேராலயத்தை மக்கள் திரும்பக் கட்டி, 1949-ல் திறந்தார்கள். நிலவறையில், பீடத்தின் கீழே, பொன்முலாம் பூசிய செம்புப் பேழையில் எலும்புகள் இருக்கின்றன. கியோஸிலிருந்து வந்த கல்லையும் காணலாம். அதில் அப்போஸ்தலரின் பெயர் கிரேக்க எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. 1953-ல் இங்கிருந்துதான் கை எலும்பு ஒன்று கேரளத்துக் கொடுங்கல்லூருக்கு வந்தது. கேளாமல் எடுத்தவர்கள், ஏறக்குறைய 700 ஆண்டு கழித்து ஒரு பங்கைக் கொடுத்திருக்கிறார்கள்!

பேழைக்கு முன்னால் தமிழில் ஜெபமாலை சொன்னோம். தொடங்கி வைத்தவர் அந்தப் பாட்டியம்மாளே.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மே மாதம் முதல் ஞாயிறு அவ்வூர்த் திருவிழா. மற்ற நாட்களில் போனால் காலையிலேயே போய்ச் சேருங்கள். இத்தாலியில் பல கோவில்களை மத்தியானம் பூட்டிவிடுகிறார்கள்.