ஹைட்டி: கடனாளி யார்?

பேரிடர் நிகழும்போதெல்லாம் உண்டியல் ஏந்தித் தெருவில் இறங்குவது நம் இயக்கத்தின் மரபு. அம்மரபைக் கைவிடலாகாது. ஆயினும், உலகெங்கும் திரட்டப்படும் நிவாரணப் பணம் யார் கைக்குச் செல்கிறது, அதன் செலவைத் தீர்மானிப்பவர் யார் என்றும் நாம் கேட்டாக வேண்டும். ஹைட்டியின் அனுபவம் இதற்கு விடை தருகிறது.

2010 ஜனவரி 12 அன்று அங்கு நேர்ந்த நிலநடுக்கத்தில் மாண்டோர் 3 லட்சத்திற்கும் மேல் என அந்நாட்டு அரசு அறிவித்தது. அடுத்த மாதமே சிலி நாட்டில் அதனினும் பன்மடங்கு வலிமையான நிலநடுக்கம் ஏற்பட்டது. அங்கு உயிரிழந்தோர் ஏறத்தாழ 500 பேர். ஹைட்டியில் நடுக்கத்தின் மையம் தலைநகருக்கு மிக அருகில் இருந்தது உண்மையே. ஆனால் இத்தனை பெரிய வேறுபாட்டை அது மட்டும் விளக்காது. வலுவற்ற வீடுகளும் வலுவற்ற அரசும் சேர்ந்தே மக்களைக் கொன்றன.

இவ்வறுமை இயற்கையாக வந்ததன்று. அடிமைகள் போராடி 1804இல் விடுதலை பெற்ற நாடு ஹைட்டி. 1825இல் பிரான்சு போர்க்கப்பல்களை அனுப்பி, தோட்டங்களையும் அடிமைகளையும் இழந்த எசமானர்களுக்காக 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டது. பின்னர் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதைச் செலுத்தவும் பிரெஞ்சு வங்கிகளிடமே கடன்பட நேர்ந்தது. அக்கடனின் சுமை 1947 வரை நீடித்தது.

அடுத்து வந்தது தாராளமயம். 1990களில் சர்வதேச நிதியத்தின் நிர்ப்பந்தத்தால் அரிசி மீதான இறக்குமதி வரி 3 சதவீதமாக வீழ்ந்தது. மானியம் பெற்ற அமெரிக்க அரிசி சந்தையை நிரப்பியது. ஹைட்டியின் நெல் விவசாயி நொடித்தார். இக்கொள்கை தவறு என்று முன்னாள் அதிபர் கிளிண்டனே 2010இல் அமெரிக்க செனட் குழுவின் முன் ஒப்புக்கொண்டார்.

நிலநடுக்கத்திற்குப் பின் வந்த உதவியோ? அவசர நிவாரண நிதியில் ஏறத்தாழ 1 சதவீதமே ஹைட்டி அரசின் கைக்குச் சென்றது. பெரும்பகுதி கொடையாளி நாடுகளின் முகமைகள், ராணுவங்கள், தொண்டு நிறுவனங்கள், ஒப்பந்ததாரர்கள் வழியாகவே செலவாயிற்று. அரசு ஊழல் மிகுந்தது என்பதே சொல்லப்பட்ட காரணம். ஆளும் வர்க்கத்தின் ஊழல் மெய்யே; அதை எதிர்த்து ஹைட்டி மக்களே பின்னர் வீதிக்கு வந்தனர். ஆனால் அரசை ஒதுக்கிவிட்டு மருத்துவமனையையும் குடிநீர்க் குழாயையும் நிலைநிறுத்த இயலாது.

அதன் விலையையும் மக்களே கொடுத்தனர். 2010 அக்டோபரில் ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து காலரா பரவியது. ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். ஐ.நா. மன்னிப்புக் கேட்க ஆறாண்டுகள் ஆயின.

மாற்று வழி இல்லாமல் இல்லை. கியூப மருத்துவர்கள் 1998 முதலே அங்குப் பணியாற்றி வந்தனர், காலராவையும் எதிர்கொண்டனர். ஹைட்டியின் ஏழை இளைஞர்கள் பலர் கியூபாவில் கட்டணமின்றி மருத்துவம் பயின்று நாடு திரும்பினர். உள்நாட்டு ஆற்றலை வளர்ப்பதே தோழமை. அதன் இடத்தைத் தான் பிடித்துக்கொள்வது தோழமையாகாது.

எனவே தோழர்களே, உண்டியலைக் கீழே வைக்க வேண்டாம். அத்துடன் மூன்று கோரிக்கைகளையும் உயர்த்துவோம்: அநியாயக் கடன்கள் ரத்தாக வேண்டும், பறித்த செல்வத்தைப் பறித்தவர் திருப்பித் தர வேண்டும், நிவாரணத்தின் கணக்கும் கட்டுப்பாடும் அம்மக்களிடம் இருக்க வேண்டும். ஹைட்டி உலகத்திற்குக் கடன்பட்ட நாடன்று. உலகமே அதற்குக் கடன்பட்டிருக்கிறது.