முதுமையில் இதய மருந்துகள்: குறைப்பதற்கும் ஒரு முறை உண்டு



60 வயதில் எழுதித் தந்த இரத்த அழுத்த மாத்திரைகள் 85 வயதிலும் அதே அளவில் தொடர்வதைப் பல இல்லங்களில் காண்கிறோம். இதற்கிடையே உடல் மெலிந்திருக்கும்; சிறுநீரகம் தளர்ந்திருக்கும்; உணவும் சுருங்கியிருக்கும். அம்லோடிபின் உட்கொள்ளும் பாட்டியாருக்குக் கணுக்கால் வீங்குகிறது. அவ்வீக்கத்திற்கென நீர் மாத்திரை சேர்கிறது. இரவில் சிறுநீர் கழிக்க எழுகிறார், தலைசுற்றி விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது. முதல் மருந்தின் அளவைக் குறைத்திருந்தால் இரண்டாவது மருந்தே வேண்டியிராது.

இங்கிலாந்தில் 80 வயது நிறைந்த 569 பேரைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 2020இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு அழுத்த மருந்துகளுள் ஒன்று மட்டும் விலக்கப்பட்டது. 12 வாரங்களுக்குப் பின் அவர்களுள் 86 விழுக்காட்டினருக்கு மேல் அழுத்தம் 150க்குக் கீழேயே இருந்தது. மருந்தைத் தொடர்ந்தோருள் 88 விழுக்காடு. 12 வாரம் குறுகிய காலமே என்பதையும் மறத்தலாகாது.

இதைக் கேட்டு எவரும் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மெட்டோபிரலால், அட்டினலால் போன்றவற்றைத் திடீரென விட்டால் நெஞ்சுவலியும் மாரடைப்பும் நேரக்கூடும். படிப்படியாகவே குறைத்தல் வேண்டும். ஸ்டென்ட் பொருத்தியோர்க்குரிய ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மருந்துகளையும், சீரற்ற இதயத் துடிப்புக்காக இரத்தம் உறையாதிருக்கத் தரும் மருந்தையும், விழுந்துவிடுவாரோ என்ற அச்சத்தால் நிறுத்துவது பேராபத்து.

இதயத்திற்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர் என எழுதித் தருவோர் பலர். முழுவதையும் சேர்த்துப் பார்ப்பவரோ அரியர். ஆதலின் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரே பையில் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். படுத்த நிலையிலும், எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள்ளும் அழுத்தத்தை அளந்து குறித்து வையுங்கள். நிற்கையில் மேல் எண் 20 அளவு இறங்கினால் அவரிடம் சொல்லுங்கள். குறைப்பதாயின் ஒரு நேரத்தில் ஒரு மருந்து மட்டுமே. அதன்பின் எடை, நாடித்துடிப்பு, கால் வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவற்றைக் கவனித்து வாருங்கள்.

தசலட்சண பர்வத்தில் உண்ணா நோன்பு ஏற்கும் முதியோர் நீர் மாத்திரையை வழக்கம்போல் உட்கொண்டால் உடலின் நீர் வற்றி அழுத்தம் சரியும். கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் நம் வழக்கம் எல்லா மருத்துவரும் அறிந்ததன்று; நாமே எடுத்துரைக்க வேண்டும். நோன்பு தொடங்குவதற்குப் பல நாள் முன்னரே அவரைக் கண்டு, அந்நாட்களுக்குரிய மருந்தின் அளவையும் வேளையையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.