கைமாறிய நூலும் கண்திறந்த அறிவும்

(கணிப்பொறிக் கல்வியில் ஈடுபாடுடைய இளைஞர்களின் நூற்பயில் கூட்டத்தில் ஆற்றிய உரை)



‘இப்பொழுது என்ன நூல் படித்துக்கொண்டிருக்கின்றீர்?’ என்று ஒருவரையொருவர் வினவிக்கொள்வதற்கென்றே நீங்கள் இங்குக் கூடியிருக்கின்றீர்கள். எனக்கு முன் பேசியவர்கள் பல நூல்களை எடுத்துக் கூறினர். தொனால்டு கனூத்து 1968-இல் வெளியிடத் தொடங்கிய நிரற்கலைத் தொகுதிகள் கூறப்பெற்றன. கெர்னிகனும் இரிட்சியும் 1978-இல் எழுதிய ‘சி’ மொழி நூல் கூறப்பெற்றது. யாவும் சிறந்தனவே! ஆனால், நூலின் பெயரைச் சொல்லுதல் வேறு. நூலைப் பிறர்க்குப் பரிந்துரைத்தல் வேறு. இவ்வேறுபாட்டை ஒரு நூலின் வரலாறு கொண்டு விளக்க விழைகின்றேன்.

ஆசுதிரேலிய நாட்டின் சிட்னி நகரில், நியூ சௌத்து வேல்சு பல்கலைக்கழகத்தில், சான் இலயன்சு என்னும் ஆசிரியர் இருந்தார். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் தென்னிசு இரிட்சியும் ஆக்கிய ‘யூனிக்சு’ என்னும் இயக்குமுறைமையை அவர் தம் மாணவர்க்குக் கற்பித்தார். கணிப்பொறியின் உறுப்புகளை ஒழுங்குற இயக்கும் அடிப்படை நிரலே இயக்குமுறைமை. யூனிக்சின் ஆறாம் பதிப்பில் அதன் உட்கரு ஏறத்தாழ 9,000 வரிகளே. ஒருவன் முழுமையாகப் படித்து உணரத்தக்க அளவு அது! ஆயினும், அவ்வரிகள் எளியன அல்ல. ஓரிடத்தில், படிப்போர் இதனை விளங்கிக்கொள்வர் எனத் தாம் எதிர்பார்க்கவில்லை என்று ஆக்கியோரே குறிப்பு எழுதி வைத்திருந்தனர்.

இலயன்சு என்ன செய்தார்? வரிகளுக்கெல்லாம் எண்ணிட்டு ஒரு நூலாக்கினார். அவ்வெண்களைச் சுட்டி, இவ்வரி எதற்கு, இஃது எங்கிருந்து அழைக்கப்பெறுகின்றது என விளக்கி, மற்றொரு நூலாக்கினார். முன்னது மூலம், பின்னது உரை! இந்நெறி நமக்குப் புதிதா, தோழர்களே? தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் செய்ததும், திருக்குறளுக்குப் பரிமேலழகர் செய்ததும் இப்பணிதானே?

அந்நூல்கள் 1977-இல் வெளிவந்தன. ஆனால், 1979-இல் யூனிக்சின் ஏழாம் பதிப்பு வந்தபோது, அதனை உடைமையாகக் கொண்டிருந்த நிறுமம் அதன் நிரலை வகுப்பறையில் கற்பித்தலாகாது என்று உரிமத்தில் எழுதிவிட்டது. இலயன்சின் உரைநூலும் உரிமம் பெற்றவர் கையில் மட்டுமே இருத்தற்குரியதாயிற்று. அறிவு பூட்டப்பெற்றது! ஆயினும், பூட்டு நின்றதா? மாணவன் தோழனிடம் பெற்றான், ஒளிப்படி எடுத்தான், படியிலிருந்து படி எடுத்தனர். எழுத்து மங்கிய படியையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு கற்றனர். 1996-இல்தான் அந்நூல் முறையான இசைவுடன் அச்சேறிப் பொதுமக்களுக்குக் கிடைத்தது. இரண்டாண்டு கழித்து, 1998-இல் இலயன்சு மறைந்தார்.

நிரலைக் கற்பித்தலாகாது என்ற தடையே மற்றொரு நூலுக்குக் கரணியமாயிற்று. நெதர்லாந்தின் ஆம்சுடர்டாம் நகரில் பேராசிரியர் ஆண்டுரூ தனன்பாம், மாணவர் தடையின்றிப் படிப்பதற்கென்றே ‘மினிக்சு’ என்னும் முறைமையைத் தாமே எழுதி, 1987-இல் அதன் நிரலோடு நூலாக வெளியிட்டார். அந்நூலைப் பின்லாந்து நாட்டின் எல்சிங்கி நகரில் ஒரு மாணவர் ஊன்றிப் படித்தார். அவர் பெயர் இலினசு தோர்வால்சு. 1991-இல், தம் 21-ஆம் அகவையில், அவர் வெளியிட்டதே ‘இலினக்சு’. இன்று உங்கள் சட்டைப் பையிலுள்ள ஆண்டிராய்டு கைப்பேசிக்குள் இயங்குவது அதன் உட்கருவே!

எனவே, தோழர்களே! ஒரு நூலைத் தக்கவன் கையில் சேர்ப்பது சிறு செயலன்று. அதனால்தான் அதற்குரிய பொறுப்பையும் வலியுறுத்துகின்றேன். படிக்காத நூலைப் பரிந்துரைக்காதீர்! பெயர்ப்பட்டியல் நீட்டுவதால் பெருமை வரும்; அறிவு வாராது. ஒரு நூலைக் கூறும்போது அஃது யார்க்கு உரியது, அதற்குமுன் எதனை அறிந்திருத்தல் வேண்டும், எவ்விடத்தில் கடினம், எவ்விடத்தில் பழமையாயிற்று என்பவற்றையும் கூறுங்கள்! கனூத்து தம் நூலில் பிழை கண்டு முதலில் சொல்பவர்க்கு 2.56 அமெரிக்கத் தாலர் பரிசு அறிவித்தார். அவர் விடுத்த காசோலையைப் பணமாக்காமல் சட்டமிட்டு மாட்டி வைத்தவர் பலர். அது பணத்தின் மதிப்பா? இல்லை, வரி வரியாகப் படித்தமைக்குச் சான்று!

இறுதியாக ஒரு வேண்டுகோள். அடுத்த திங்கள் கூடும்போது, ஒவ்வொருவரும் ஒரே ஒரு நூலைக் கொண்டு வாருங்கள். அதில் ஓர் இயலுக்கேனும் நீங்களே தமிழில் எழுதிய உரைக்குறிப்பை உள்ளே வைத்துக் கொண்டு வாருங்கள். பிறகு அந்நூலை அருகிலிருப்பவர் கையில் கொடுங்கள். உரை கண்ட இனம் நாம். அக்கை ஓய்ந்திருத்தல் தகுமா?