ஃபிரிட்ஜின் பின்பக்கத்தையும் பாருங்கள்

(நமது காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஃபிரிட்ஜ் துடைப்பதற்கெல்லாம் ஒரு பேச்சா என்று சிலர் கேட்டீர்கள். ஒரு செய்தியைச் சொல்லித் தொடங்குகிறேன்.

2022 நவம்பர் 4, சென்னையை அடுத்த ஊரப்பாக்கம். நம்முடையதைப் போன்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. பல மாதங்கள் பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்பி வந்து தங்கியிருந்தது ஒரு குடும்பம். அதிகாலையில் ஃபிரிட்ஜ் வெடித்துப் புகை சூழ்ந்ததில் மூன்று பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். மின்கசிவு காரணமாக இருக்கலாம் என்று அப்போது சொல்லப்பட்டது.

நம் குடியிருப்பிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் உண்டு. பல நாள் வெளியூர் போகிறவர்கள் ஃபிரிட்ஜைக் காலி செய்து, பிளக்கைப் பிடுங்கி, கதவைச் சற்றே திறந்து வைத்துவிட்டுப் போங்கள். நெடுநாள் கழித்துத் திரும்பினால், வயரையும் பிளக்கையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டு ஓட விடுங்கள்.

சுத்தம் செய்யும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே எடுத்துவிடுங்கள். ஈரக் கையோடு தொடாதீர்கள். உள்ளே துடைக்க வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் சமையல் சோடா போதும்.

ஃப்ரீசரில் ஐஸ் கட்டினால் கத்தி, கரண்டிக் காம்பால் குத்தாதீர்கள். தானாக உருகட்டும். இன்றைய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஆர்-600ஏ என்ற ஐசோபியூட்டேன் வாயு. சமையல் கேஸுக்கு உறவு, தீப்பிடிக்கும். குழாய் ஓட்டையாகிச் சீறினால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். கீழே மீட்டர் போர்டில் உங்கள் வீட்டு மெயினை அணையுங்கள். 112-ஐ அழையுங்கள்.

இனி நாம் பார்க்காத பின்பக்கம். அங்கே தூசி அடைந்தால் சூடு வெளியேறாது. கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும், கரண்ட் பில்லும் ஏறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கை எடுத்துவிட்டுத் துடையுங்கள். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். எர்த் உள்ள மூன்று பின் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். கம்ப்ரஸருக்கு மேலே நீர் சேரும் தட்டு இருந்தால் வாரம் ஒருமுறை பாருங்கள். டெங்கு கொசு முட்டையிட அந்தத் தண்ணீரே போதும்.

கடைசியாக மழைக்காலம். 2024 ஃபெஞ்சல் புயலில் வில்லியனூர், பாகூர்ப் பக்கம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். சுமார் நான்கு மணி நேரம் உள்ளே குளிர் தாங்கும். அதற்கு மேல் போனால் பால், மீன், கறி, மீந்த குழம்பு எதையும் முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். கெட்டது எல்லாமே நாறாது. தரைத்தளத்தில் வெள்ளம் தொட்ட ஃபிரிட்ஜை, காய்ந்துவிட்டது என்று நம்பி நீங்களே போடாதீர்கள். மெக்கானிக் பார்க்கட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டு ஃபிரிட்ஜை நகர்த்த, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஒரு கை கொடுங்கள்.