ஆறு வயதுக்குப் பிறகு: திருப்பூரின் மாலை நேரமும் ட்யூஷனும்

 

ஆசிரியர் ஒருவரின் பெயரால் ஆண்டுதோறும் நடக்கும் சொற்பொழிவில் ட்யூஷனைப் பற்றிப் பேசுவது சிலருக்கு நெருடலாக இருக்கலாம். பள்ளி ஆசிரியர் தனி ட்யூஷன் எடுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 28ஆம் பிரிவில் சொல்கிறது. அதை மீறுவோரைப் பற்றிப் பேச நான் வரவில்லை. திருப்பூரில் அனுப்பர்பாளையத்திலும் வேலம்பாளையத்திலும் பாண்டியன் நகரிலும் லைன் வீடுகளுக்கு நடுவே, சாயங்காலம் ஆனால் வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள் குவிந்து கிடக்கும் ஒரு வீடு இருக்குமே, அந்த வீட்டு ட்யூஷனைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அந்த ட்யூஷனால் பிள்ளையின் படிப்பு பெரும்பாலும் உயர்வதில்லை என்பது என் கருத்து. ஆனாலும் அதை மூடச் சொல்ல மாட்டேன்.

முதலில் நம் ஊர்ப் பெருமையைப் பேசி முடித்துவிடுவோம். பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் திருப்பூர் மாவட்டம் 2019இல் மாநிலத்தில் முதலிடம், 2020இல் முதலிடம், 2024இல் 97.45 சதவீதத்துடன் மறுபடி முதலிடம். இதைச் சொன்னதும், “ட்யூஷன் அனுப்பறோம்ல” என்று ஒரு குரல் எழும். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் தேறும் தேர்வில் ட்யூஷன் போனவரும் தேறுகிறார், போகாதவரும் தேறுகிறார். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் பழகப் போன பையன் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. தேர்ச்சி விகிதம் நல்ல செய்திதான். ஆனால் ட்யூஷனைப் பற்றி அது எதையும் சொல்லாது.

அப்படியானால் எதை வைத்துச் சொல்வது? ட்யூஷன் போகும் பிள்ளையின் மதிப்பெண்ணையும் போகாத பிள்ளையின் மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும் என்று தோன்றும். போதாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் ட்யூஷன் போகிறது, படிப்பு ஏறவில்லையே என்று கவலைப்படும் வீட்டுப் பிள்ளையும் போகிறது. முதல் பிள்ளை ட்யூஷன் இல்லாவிட்டாலும் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கும். இரண்டாவது பிள்ளை ட்யூஷன் போயும் குறைவாக வாங்கும். இந்த வேறுபாடுகளைக் கழித்துப் பார்க்க முயன்ற ஆய்வுகள் சிலவற்றின் முடிவு பெற்றோருக்கு உவப்பாக இருக்காது. சீனாவின் ஜினான் நகரத்து மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை ட்யூஷன் சராசரியாக உயர்த்தியதாக அதில் தெரியவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் அசர் (ASER) ஆய்வின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி பீகாரிலும் மேற்கு வங்கத்திலும் எட்டாம் வகுப்பு வரையிலான கிராமப்புறப் பிள்ளைகளில் பத்தில் ஏழு பேருக்கு மேல் காசு கொடுத்து ட்யூஷன் போனார்கள். இரண்டு மாநிலத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு. அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது என்று பார்த்தால், மேற்கு வங்கம் தேசியச் சராசரிக்கு வெகு மேலே நின்றது, பீகார் கீழே நின்றது. ட்யூஷன் ஒரே அளவு இருந்தும் வாசிப்பு ஒரே அளவு இல்லை. இதே அளவுகோலில் அந்த ஆண்டு தமிழ்நாடு பீகாரைவிடவும் கீழே இருந்தது. பிளஸ் டூ முதலிடத்தைப் பேசிய வாயால் இதையும் பேச வேண்டும்.

இனி அந்தச் செருப்புக் குவியல் வாசலுக்குள் போவோம். நாலு, நாலரைக்குப் பள்ளி விடுகிறது. அம்மா காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் நுழைந்தவர். சிங்கர் மிஷினிலோ, செக்கிங்கிலோ, பிசிர் வெட்டுவதிலோ இருக்கிறார். ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரை ஆகிவிடும். ஷிப்மென்ட் நெருங்கினால் அதற்கும் மேலே. அப்பாவுக்கும் அதே கதை. தேனியிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த குடும்பத்தில் பாட்டி, அத்தை யாரும் கூட இருப்பதில்லை. நாலரைக்கும் எட்டரைக்கும் நடுவே ஒரு பிள்ளை எங்கே இருக்கும்? ட்யூஷன் அக்கா வீட்டில் இருக்கும். சனிக்கிழமை சம்பளத்தில் கொஞ்சம் எடுத்து வைத்து மாதம் பிறந்ததும் கொடுக்கிறார்களே, அந்தப் பணம் கணக்குப் பாடத்துக்கு என்று பேர். உண்மையில் அது அந்த நான்கு மணி நேரத்துக்கான பணம். மிஷினில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு, பிள்ளை ரோட்டில் இல்லை என்ற நிம்மதி கிடைக்கிறது. அதை வீண் செலவு என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

ஆனால் உள்ளே படிப்பு எப்படி நடக்கிறது? எல்.கே.ஜி. முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரே கூடத்தில் உட்காருகிறார்கள். பள்ளியில் கொடுத்த ஹோம்வொர்க் முடிய வேண்டும். டைரியில் கையெழுத்துப் போடும் பெற்றோர் கேட்கும் ஒரே கேள்வியும் அதுதான். பிறகு புக் பேக் கேள்விகள், கைடைப் பார்த்து விடை, பத்துத் தடவை எழுதி மனப்பாடம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாது என்றால், அது மூன்றாம் வகுப்பிலேயே விட்டுப்போனது. அங்கே திரும்பிப் போய்ச் சொல்லித்தர அக்காவுக்கு நேரம் இல்லை. நேரம் இருந்தாலும் அதற்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள், நாளைய ஹோம்வொர்க் ஐந்தாம் வகுப்புப் பாடத்தில் அல்லவா இருக்கிறது! நிட்டிங்கில் விழுந்த ஓட்டையை செக்கிங் மேசையில் அடைக்க முடியாது என்பது இந்த அவைக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசிவிட்டுத் தமிழ் வழி வகுப்பில் உட்காரும் பிள்ளையின் நிலை இன்னும் மோசம். புரியாத விடையைப் பள்ளியில் ஒரு முறை எழுதிவிட்டு, இங்கே பத்து முறை எழுதுகிறது.

அக்காவின் படிப்புப் போதாது என்று பழியை அவர்மீது போடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் என்ற தொண்டு அமைப்பு ‘பால்சகி’ என்ற திட்டத்தை நடத்தியது. அந்தந்தப் பகுதியில் பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண்களே அங்கு சொல்லிக்கொடுத்தவர்கள். மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பதினைந்து இருபது பிள்ளைகளைத் தனியே அழைத்து, தினம் இரண்டு மணி நேரம், எழுத்துக்கூட்டுவதும் எண்ணிக்கையுமாக அடிப்படையைச் சொல்லித்தந்தார்கள். பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது. அதை அளந்து எழுதிய நால்வரில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ இருவரும் 2019இல் பொருளாதார நோபல் பெற்றார்கள்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ நமக்குத் தெரிந்ததுதான். ஊக்கத்தொகையாக மாதம் ஆயிரம் ரூபாய், மாலையில் வகுப்பு, அதே தெருவைச் சேர்ந்த தன்னார்வலர். கொரோனாவில் விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கைத் தமிழ்நாட்டுக் கிராமப்புறப் பிள்ளைகள் பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீட்டுவிட்டார்கள் என்றும், அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இந்தத் திட்டத்தால் வந்தது என்றும் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு கண்டது. அதே மாலை, அதே மாதிரிப் பெண், அதே மாதிரிப் பிள்ளைகள். அவர்களிடம் ஒப்படைத்த வேலை மட்டும் வேறு. ஹோம்வொர்க்கை முடித்துக்கொடு என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கச் சொன்னார்கள்.

ட்யூஷனுக்குத் தடை போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தென்கொரியா 1980இல் போட்டுப் பார்த்தது. ட்யூஷன் ஒளிந்து நடந்தது, கட்டணம் ஏறியது. 2000இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடையை ரத்துசெய்தது.

நம் ஊரில் கைவைக்க வேண்டிய இடம் வேறு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 48ஆம் பிரிவில், முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்த ஆறு வயது எல்லை மாறவில்லை. (பையர் ஆடிட் வரும் வாரத்தில் மட்டும் தொட்டிலும் பொம்மையும் முளைக்கும் காப்பகங்களை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள்.) ஏழு வயதுப் பிள்ளை ஷிப்ட் முடியும்வரை எங்கே இருக்கும் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. அந்த இடைவெளியைத்தான் ட்யூஷன் அக்கா நிரப்பிக்கொண்டிருக்கிறார், செலவைத் தொழிலாளி சுமக்கிறார்.

ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊர் இது. கம்பெனிகள் நிறைந்த ஒவ்வொரு பகுதியிலும் பள்ளிக் கட்டடம் மாலையில் பூட்டிக் கிடக்கிறது. ஏற்றுமதியாளர்களும் உள்குத்தகைக்காரர்களும் சேர்ந்து அதை எட்டரை வரை திறந்துவைக்கும் செலவை ஏற்க வேண்டும். ட்யூஷன் அக்காக்களையே ஊதியம் கொடுத்து அங்கே அமர்த்துங்கள், அடிப்படையைச் சொல்லித்தரும் பயிற்சியையும் கொடுங்கள். பிள்ளைக்கு ஒரு டம்ளர் பால், சுண்டல், விளையாட ஒரு மணி நேரம் இருக்கட்டும். அரங்கில் உட்கார்ந்திருக்கும் முதலாளிமார்களை நான் கேட்டுக்கொள்வது, வருகிற ஜூனில் பள்ளி திறக்கும்போது உங்கள் கம்பெனிக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலாவது இதைத் தொடங்குங்கள் என்பதுதான்.