சாயலும் திணையும்



செயற்கை நுண்ணறிவின் காலத்தில் மனிதனின் தனித்தன்மையைக் கிறித்துவம் எவ்வாறு காண்கிறது என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். நான் இறையியலாளன் அல்லன், மொழியியல் பயின்றவன். எனவே சொற்களிலிருந்தே தொடங்குகிறேன்.

மனிதன் இறைவனின் சாயலில் படைக்கப்பட்டான் என்பது விவிலியத்தின் முதல் அதிகாரம் தரும் செய்தி. எபிரேய மூலத்தில் இதற்குச் செலெம், தெமூத் என இரு சொற்கள் உள்ளன. சீர்திருத்தச் சபையினரின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவற்றைச் சாயல், ரூபம் என்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் உரு, சாயல் என்றது. முன்னதில் முதற்சொல்லுக்கு நின்ற 'சாயல்' பின்னதில் இரண்டாம் சொல்லுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. மொழிபெயர்த்தோரைக் குறைகூறுவதற்கில்லை. அவ்விரு சொற்களின் பொருளெல்லைகள் அத்துணை நெருக்கமானவை.

அந்தச் சாயல் மனிதனிடம் எங்கே இருக்கிறது? நினைவு, அறிவு, விருப்பம் என்னும் உள்ளத்தின் ஆற்றல்களில் அதைத் தேடினார் புனித அகுஸ்தீனார். பின்வந்தோர் பலர் பகுத்தறிவைச் சுட்டினர்; மொழியைச் சுட்டியவர்களும் உண்டு. மனிதனை விலங்கோடு மட்டும் ஒப்பிட்ட காலம்வரை இவ்விடைக்கு இடையூறு நேரவில்லை. 2023 ஜூன் மாதம் ஜெர்மனியின் ஃபூர்த் நகரத் தேவாலயம் ஒன்றில் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் கூடியிருக்க, திரையில் தோன்றிய உருவங்கள் வழிபாட்டை நடத்தின. வழிபாட்டு உரைகளில் பெரும்பகுதி சாட்ஜிபிடி இயற்றியது. கேட்டவர்களில் வியந்தோரும் உண்டு, உயிரோட்டம் இல்லை என்றோரும் உண்டு. என் கவலை வேறு. மொழித்திறனே இறைச்சாயல் என்று கொண்டால், அத்திறன் எங்கே செல்கிறதோ அங்கே சாயலும் உடன்செல்ல வேண்டும் அல்லவா?

இச்சிக்கலை அவிழ்க்க ஒரு கல்வெட்டு உதவுகிறது. 1979இல் சிரியாவின் டெல் ஃபெகெரியே என்னுமிடத்தில் அரசன் ஒருவனின் கற்சிலை கிடைத்தது. கி.மு. 9ஆம் நூற்றாண்டினது எனப் பொதுவாகக் கருதப்படும் அச்சிலையில் அக்காதிய மொழியிலும் அராமிய மொழியிலும் வாசகங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அராமியப் பகுதி அச்சிலையைக் குறிக்கப் பயன்படுத்துவது செலெம், தெமூத் ஆகியவற்றின் இனச்சொற்களையே. சிலைக்கு அரசனின் அறிவு இல்லை, வீரமும் இல்லை. அவன் நிறுத்தியதால், அவன் பெயரால் அது நிற்கிறது. சாயல் என்பது திறனைக் குறித்ததன்று, நிறுத்தியவர் தந்த நிலையைக் குறித்தது என்று இதனால் உணரலாம். அவ்வாறாயின், நாம் எழுதிக் குவித்தவற்றிலிருந்து வார்த்தெடுத்த இயந்திரம் நம்முடைய சாயலே.

சிலைக்கும் மனிதனுக்கும் வேறுபாடும் உண்டு. மனிதன் வினவப்படுகிறவன். ஒளிந்துகொண்ட ஆதாமை இறைவன் தேடி அழைப்பதும், காயினிடம் அவன் தம்பியைப் பற்றி விசாரிப்பதும் தொடக்கநூலில் அடுத்தடுத்து வருகின்றன. இயந்திரம் தவறான மருந்தைச் சொன்னால் நாம் இயந்திரத்தையா விசாரிக்கிறோம்? அதைச் செய்தவரையும் பயன்படுத்தியவரையும் அல்லவா!

2025 ஜனவரி 28 அன்று வத்திக்கான் வெளியிட்ட 'ஆந்தீக்வா எத் நோவா' என்னும் ஆவணமும், மனிதரின் மதிப்பு திறனாலோ சாதனையாலோ அமைவதன்று என்கிறது. கருவிலிருக்கும் குழந்தை, நினைவிழந்தவர், துன்புறும் முதியவர் ஆகியோரை அது இங்கே குறிப்பிடுகிறது. இந்த வாதத்தின் உயிர்நிலை இதுவே என்பேன். இயந்திரத்தை உயர்த்திவிடுவோமோ என்ற அச்சம் எனக்குக் குறைவு. திறனை அளவுகோலாக்கி, திறன் குன்றியவரைத் தாழ்த்திவிடுவோமோ என்ற அச்சமே பெரிது.

இங்கே தொல்காப்பியரை அழைக்கிறேன். அவரைக் கிறித்துவராக்க நான் வரவில்லை. வள்ளுவரிடம் அத்தகைய முயற்சி நடந்ததை நீங்கள் அறிவீர்கள். சொல்லதிகாரம் மக்களை உயர்திணை என்று வகுத்தபின், 'குழவி' முதலிய சில சொற்களைத் தனியே எடுத்துப் பேசுகிறது. அவை உயர்திணைப் பொருளைக் குறித்தாலும் அஃறிணை முடிபு பெறும் என்கிறது. உறுப்புக் குறைபாடு பற்றி வரும் பெயர்களும் அப்பட்டியலில் உள்ளன. 'குழந்தை அழுதது' என்கிறோம். வினைமுடிபு மாறியது, திணை மாறவில்லை. பேச்சறியாத குழந்தையை இலக்கணம் மக்களிலிருந்து நீக்கவில்லை. மறுபுறம், அஃறிணைப் பொருள்களைப் பேசுவன போலச் சொல்லும் மரபுக்கு நன்னூல் இடந்தருகிறது. அந்தப் 'போல' என்னும் சொல்லில் இயந்திரத்திற்கும் இடமுண்டு.

மாணவர் ஒருவர் 'சாட்ஜிபிடி சொல்கிறார்' என்று எழுதினால் விகுதியைத் திருத்திவிடலாம். மறதிநோய் முற்றிப் பேச்சிழந்த பாட்டியைப் பற்றி வீட்டில் 'அது ஒரு மூலையில் கிடக்கிறது' என்று பேசப்படுவதும் உண்டு. அன்பினால் 'அது' என்னும் வழக்கும் நம் பேச்சுத்தமிழில் இருப்பதால், எது எவ்வகை என்பதைக் குரலைக் கேட்டே அறிய வேண்டியிருக்கிறது. இங்கு வந்துள்ள ஆசிரியர்களும் முதியோர் இல்லங்களில் பணியாற்றுவோரும் தாங்கள் கேட்டவற்றைக் கலந்துரையாடலில் கூறினால் மகிழ்வேன்.