சித்திரம் கதை சொல்லும்போது



இளையோருக்கான மாயப் புதினத்தை மங்காவாக, அதாவது ஜப்பானில் வளர்ந்த சித்திரக்கதை வடிவமாக மாற்றுவது, எழுதி முடித்த கதைக்குப் படம் சேர்க்கும் வேலையன்று. கதை சொல்லும் பொறுப்பையே சொல்லிடமிருந்து கோட்டிடம் ஒப்படைக்கும் படைப்புச் செயலாகும்.

அயர்லாந்து எழுத்தாளர் டேரன் ஷான் 2000 முதல் 2004 வரை 12 நூல்களாக வெளியிட்ட இரத்தக்காட்டேரிக் கதைத்தொடர் இதற்குத் தக்க சான்றாகும். நச்சுச் சிலந்தி தீண்டிய நண்பனைக் காக்கத் தானே பாதிக் காட்டேரியாக மாறச் சம்மதிக்கும் சிறுவன், தன் கதையைத் தானே சொல்வதால், வாசகர் அவனது அச்சத்தை உள்ளிருந்து உணர்கின்றனரேயன்றி அவன் முகத்தைக் காண்பதில்லை. ஓவியர் தகாஹிரோ அராய் 2006 முதல் 2009 வரை ஷோனென் சண்டே என்னும் ஜப்பானிய வார இதழில் அதனை மங்காவாக்கியபோது, புதினம் காட்டாத அந்த முகத்தைத் தொடர்ந்து வரைய வேண்டியிருந்தது. பத்தி பத்தியாக நீளும் மனப்போராட்டம், இவ்வடிவத்தில் பேச்சே இல்லாத ஒரு கட்டத்திற்குள், விரிந்த கண்களிலும் இறுகிய விரல்களிலும் அடங்கிவிடுகிறது.

வாரத்தொடர் ஒவ்வொரு முறையும் அடுத்த இதழுக்காக வாசகரை ஏங்க வைக்கும் இடத்தில் நிற்க வேண்டும் என்னும் இலக்கணம், 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் ஓவியர் மணியத்தின் படங்களோடு பொன்னியின் செல்வன் தொடர்கதையைப் படித்த தமிழருக்குப் புதிதன்று. எனினும் அங்கே எழுத்துக்குத் துணைநின்ற ஓவியம், மங்காவில் தானே கதைசொல்லியாகிறது.

சொல்லைவிட முகத்தாலும் உடலாலும் கதை சொல்லும் இக்கலை இலங்கையின் மலையகத்திற்கும் அந்நியமன்று. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தில், சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவதையும் ரதியின் துயரையும், தப்பு என்னும் பறையின் ஒலியோடு ஆட்டமும் முகபாவமுமே மக்கள் மனத்தில் பதிக்கின்றன. மாயமும் இழப்பும் மீட்சியும் இணைந்த அம்மரபு, இளையோர் புதினமாகவும் பின்னர் மங்காவாகவும் விரியத்தக்க பெருஞ்செல்வமாகும்.

ஆகவே, மலையகத்தின் எழுத்தாளரும் ஓவியரும் முதல் வரைவிலிருந்தே ஒன்றாக அமர்ந்து, எதைச் சொல்வது, எதைக் காட்டுவது எனத் தீர்மானிக்க வேண்டும். பாடசாலை நூலகங்கள் சித்திரக்கதையை வாசிப்பின் முழு உரிமையுள்ள வடிவமாக ஏற்க வேண்டும். படம் வரையும் பிள்ளையைப் பெற்றோர் ஊக்குவிக்க வேண்டும். இம்மூன்றும் கூடினால், உலகின் கதைகளை ஆவலோடு வாசிக்கும் மலையக இளையோர், தம் மண்ணின் கதையை உலகம் வாசிக்கும்படி வரைந்து காட்டுவர்.